கத்திரி எடுக்கும் முன்

(தையல் தொழிலாளர்களும் பொதுமக்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் மூன்றரை மீட்டர் கம்பளித் துணி விரித்துக் கிடக்கிறது. அகலம் 150 சென்டிமீட்டர். சாம்பல் நிறம், சின்னக் கட்டம். ஒருவருக்கு ஒரு கோட்டும் ஒரு பேண்ட்டும் இதிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் என் கத்திரி இருக்கிறது. இன்றைக்கு அதை நான் தொடப்போவதில்லை. கத்திரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்த மேசையில் நடக்கிற வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் தையல் மிஷினைப் பார்ப்பார்கள், தைத்துத் தொங்கும் உடையைப் பார்ப்பார்கள். உள்ளே கட்டிங் டேபிள் முன்னால் ஒருவர் துணியைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தால், “மாஸ்டர் ஏன் சும்மா நிக்கிறாரு?” என்று கடைப்பையனிடம் கேட்பார்கள். நாற்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். உடை உடம்பில் நன்றாக உட்காருமா உட்காராதா என்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான் முடிவாகிறது. தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டியதை ஒட்டவைக்க ஒரு வழியும் இல்லை.

ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இந்தத் தொழிலின் பெயரே வெட்டுவதிலிருந்து வந்தது. டெய்லர் என்ற சொல் வெட்டுதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. ஜெர்மானியர் ஷ்னைடர் என்பார்கள். அதற்கும் வெட்டுபவர் என்றே பொருள். தமிழில் தையற்காரர் என்கிறோம். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தொழிலாளர்களின் வரிசையில் துன்னகாரர் வருகிறார்கள். துன்னுதல் என்றாலும் தைத்தல்தான். இதற்குக் காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் வேட்டியும் சேலையும் தறியிலேயே முடிந்துவிடும் உடைகள். நெய்தவர் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தால் அப்படியே உடுத்திக்கொள்ளலாம். உடம்பின் வளைவுகளைத் துணியில் கொண்டுவரும் பொறுப்பை உடுத்துகிறவரின் மடிப்பே பார்த்துக்கொள்ளும். கோட்டு அப்படியில்லை. அந்த வளைவுகளையெல்லாம் வெட்டுகிறவன் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு புத்தகம் சாட்சி. 1580-இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஹுவான் டி அல்செகா என்ற தையற்கலைஞர் அச்சிட்டது அது. 1589-இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு துணியின் படம்; அந்தத் துணிமேல் அங்கியின் முன்பாகம், பின்பாகம், கை எல்லாம் எப்படி வைக்கப்பட வேண்டும் என்ற வரைவு; கூடவே இந்த அகலத் துணியானால் இத்தனை முழம் என்பதுபோல் அந்நாட்டு அளவில் ஒரு கணக்கு. தைப்பது எப்படி என்பது அந்த நூலின் கவலையே இல்லை. ஒரே அங்கியைப் பட்டில் வெட்ட ஒரு வைப்பு, கம்பளியில் வெட்ட வேறொரு வைப்பு, ஏனென்றால் அன்றைக்குப் பட்டு குறுகலாகவும் கம்பளி அகலமாகவும் நெய்யப்பட்டது. ஓரத்தில் மிஞ்சும் முக்கோணத் துண்டுகூட வீணாகாமல் அங்கியின் அடிவிரிவுக்கு ஒட்டுப்போடப் பயன்படுவதை அந்தப் படங்களில் பார்க்கலாம். முதன்முதலாக அந்தப் படங்களின் பிரதியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானூறு வருஷத்துக்கு முன் வேறொரு கண்டத்தில் ஒருவர், நான் தினமும் மேசையில் படும் பாட்டை அப்படியே பட்டிருக்கிறார்.

அளவு டேப்புக்கு அவ்வளவு வயசில்லை. இருநூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதற்கு முன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நீளத் தாள்பட்டையோ தோல்பட்டையோ வைத்து, மார்பு இதுவரை, இடுப்பு இதுவரை, கை இதுவரை என்று ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டுவைப்பார்கள். பாரிஸில் 1769-இல் கார்சோ என்பவர் தையற்கலை பற்றி எழுதிய நூலில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டையில் எண்கள் கிடையாது. அது ஒரே ஒரு ஆளின் பட்டை, இன்னொருவருக்கு உதவாது. டேப் வந்தபிறகு உடம்பு எண்ணாக மாறியது. எண்ணானதால் ஒப்பிட முடிந்தது, சூத்திரம் போட முடிந்தது, முன்பின் தெரியாதவருக்குத் தைத்து அடுக்கி வைக்கவும் முடிந்தது.

ஆனால் எண் முழு உடம்பையும் சொல்லிவிடாது. மார்பு நாற்பது அங்குலம் உள்ள இரண்டு பேர் என் கடைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கணக்கர், முப்பது வருஷமாகக் குனிந்து எழுதியவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நெஞ்சை நிமிர்த்தியே நடப்பவர். டேப்புக்கு இருவரும் ஒன்றுதான். குனிந்தவருக்குப் பின்பாகம் நீளமாக வேண்டும், முன்பாகம் குறைய வேண்டும். நிமிர்ந்தவருக்கு நேர்மாறு. இதை மாற்றி வெட்டினால் கணக்கருடைய கோட்டு பின்கழுத்தை விட்டு விலகி நிற்கும், அடிப்பகுதி முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதுமில்லை. அளவெடுக்கும்போது நல்ல மாஸ்டர் எண்ணைச் சொல்லிக்கொண்டே கண்ணால் வேறொரு அளவையும் எடுத்துக்கொண்டிருப்பார். ஆள் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அதில் பாதி முடிந்திருக்கும்.

இப்படி எடுத்த அளவு முதலில் காகிதத்துக்குத்தான் போகிறது. லண்டனில் சாவில் ரோ என்று ஒரு தெரு. 1730-களில் கட்டப்பட்டது. 1846-இல் ஹென்றி பூல் தன் கடைவாசலை அந்தத் தெருவில் திறந்தபிறகு, ஆணுடைத் தையலுக்கு அதுவே பெயர்பெற்ற இடமாயிற்று. அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகக் கெட்டியான பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வரைந்து வெட்டுவார்கள். துளையிட்டு நூல் கோத்து, பெயரெழுதித் தொங்கவிடுவார்கள். வரிசையாகத் தொங்கும் அந்தக் காகிதங்கள்தான் அந்தக் கடைகளின் சொத்து. ஆள் பருத்தால் காகிதத்தில் திருத்தம், இளைத்தால் திருத்தம். வேறு ஊருக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்துக் கடிதம் எழுதினாலும் பேட்டர்ன் காத்திருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் நேரே துணியில் மார்க்கிங் சாக்கால் வரைந்துவிடுகிறோம். வேகம் கிடைக்கிறது. ஆனால் போன தடவை அந்த உடம்பிடமிருந்து கற்றதெல்லாம் துணியோடு போய்விடுகிறது. இங்கே வந்திருக்கும் இளம் மாஸ்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய காலண்டர் தாளானாலும் சரி, நிரந்தர வாடிக்கையாளருக்கு ஒரு பேட்டர்ன் வெட்டி வையுங்கள்.

இனி துணிக்கு வருவோம். முதல் வேலை, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது. நெசவில் எங்காவது நூல் விட்டிருக்கும், முடிச்சு விழுந்திருக்கும். நல்ல ஆலைகளில் குறை உள்ள இடத்துக்கு நேரே ஓரக்கரையில் ஒரு சின்ன நூலைக் கட்டி அனுப்புவார்கள். அந்த நூலைக் கவனிக்காமல் வைத்தால் குறை சரியாக நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். பிறகு ஈரத்துணி போட்டு ஆவி காட்டி, சுருங்க வேண்டிய அளவு சுருங்கவிட வேண்டும். தைத்தபிறகு சுருங்குவதைவிட மேசையிலேயே சுருங்குவது மேல். அதன்பின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்துப் போடுவோம். சாக் கோடு உள்பக்கத்தில் விழுவதற்கும், வலது இடது இரண்டும் ஒரே வெட்டில் வருவதற்கும் அதுதான் வழி.

பாவு நூல் நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. பாவு தறியில் இழுத்துக் கட்டப்பட்ட நூல். அது அதிகம் நீளாது, தொங்கவிட்டால் நேராக விழும். அதனால் உடம்பின் நிமிர்வுக்குப் பாவு. பேண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்டு நிறுத்தும் முன்மடிப்பு இருக்கிறதே, அது மேலிருந்து அடிவரை ஒரே பாவு நூலின்மேல் ஓட வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கப் பேட்டர்னைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, அடியில் ஓர் அங்குலம் விலகினால் போதும், நடக்க நடக்க அந்தக் கால் தன்னால் முறுக்கிக்கொண்டு போகும். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் நேராகாது. தையற்காரரையோ மிஷினையோ அங்கே குறைசொல்லிப் பயனில்லை. வைப்பில் விழுந்த தப்பு அது. கோட்டின் பின்காலர் அடித்துணி மட்டும் குறுக்குச்சாய்வில், கிராஸில் வெட்டப்படும். கழுத்தைச் சுற்றி வளைந்து உட்கார வேண்டியது அது. வளைய வேண்டிய இடத்துக்கு நீண்டு கொடுக்கும் வாக்கு வேண்டும்.

அடுத்தது துணியின் ரோமவாக்கு. இதைச் சொல்லும்போது நான் பழகுநராக இருந்த காலத்து ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கருநீல வெல்வெட் கோட்டு. துணி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. பேட்டர்னைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு முன்பாகத்தைத் தலைகீழாக வைத்தால் கச்சிதமாக அடங்கியது. பெருமையோடு வெட்டிவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் ட்ரயலுக்கு முன்னால் என் ஆசான் அதைக் கையில் எடுத்து வாசலுக்குப் போனார். “தம்பி, இங்க வந்து பாரு” என்றார். பகல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் சாம்பல் பூத்த நீலம். வெல்வெட்டின் ரோமம் ஒரு திசையில் படிந்திருக்கிறது. மேல்நோக்கிப் படிந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கினால் வெளிறும். அவர் என்னைத் திட்டவில்லை. தன் கைக்காசில் புதுத்துணி எடுத்துவந்து, என்னையே மறுபடி வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து வெல்வெட்டோ கார்டுராயோ, எந்தத் துணியானாலும் முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ரோமம் படியும் திசையில் சாக்கால் ஓர் அம்பு போட்ட பிறகுதான் பேட்டர்னை எடுக்கிறேன்.

கட்டம் போட்ட துணி இன்னொரு சோதனை. கோட்டின் விலாத் தையலில் முன்பாகத்துக் கட்டமும் பின்பாகத்துக் கட்டமும் படுக்கைவசத்தில் சேர வேண்டும். முதுகு நடுவில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் இருக்க வேண்டும். பாக்கெட் மூடி, அதன் அடியில் இருக்கும் துணியோடு கரைந்துபோய்த் தனியாகத் தெரியக்கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கைக்கட்டம் மார்புக் கட்டத்தோடு சேர்வது. கை தோளில் வளைந்து ஏறுகிறது. அடியில் சேர்ந்தால் மேலே சேராது. பார்க்கிறவர் கண் எங்கே விழும் என்று யோசித்து, முன்புறத்தில் தோளுக்குச் சில அங்குலம் கீழே சேரும்படி வைத்துவிட்டு மற்ற இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த மாதிரித் துணியை இரட்டையாக மடித்து வெட்டவே மாட்டேன். மேல்துணியில் கட்டம் சரியாக இருக்கும். அடித்துணி அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் தெரியாது. ஒரு பக்கத்தை வெட்டி, அதையே மறுபக்கத் துணிமேல் கட்டத்தோடு கட்டம் பொருத்தி வைத்து வெட்டுவதுதான் முறை. இரட்டிப்பு நேரம் பிடிக்கும். இந்த மேசையில் இருப்பது சின்னக் கட்டம் என்பதால் மூன்றரை மீட்டர் போதுகிறது. உள்ளங்கை அகலக் கட்டமானால் கூடுதல் துணி கேட்பேன். அந்தக் கூடுதலை நான் அமுக்கிக்கொள்கிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு. தையற்காரர்மேல் இந்தச் சந்தேகம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் வெட்டியபின் மிஞ்சித் தையற்காரரிடமே தங்கிவிடும் துணிக்கு ‘முட்டைக்கோஸ்’ என்றே பரிபாஷை வைத்திருந்தார்கள். என் கடையில் வெட்டுத்துண்டுகள் எல்லாம் உடையோடு பொட்டலமாகப் போகும். பூச்சி அரித்தாலோ சிகரெட் நெருப்புப் பட்டாலோ, அதே துணியின் நூல் அப்போதுதான் கைக்குக் கிடைக்கும்.

இப்போது, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டர்னை வைத்து விளிம்போடு சாக் கோடு போடுகிறோம். அது தையல் விழும் இடம். வெட்டும் இடம் அதற்கு வெளியே. எவ்வளவு வெளியே என்பதில்தான் ஆளுக்கென்று தைப்பதும் ஆயத்த உடையும் பிரிகின்றன. திருப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மார்க்கர் போடுகிறவர், கம்ப்யூட்டர் திரையில் பாகங்களை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குகிறார். ஆயிரம் சட்டையில் சட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் மிச்சமானால் பத்து மீட்டர் துணி. அது பெரிய திறமை, மதிக்க வேண்டிய திறமை. ஆனால் அங்கே தையல் பிடிக்க வேண்டியதற்குமேல் துணி விடமுடியாது. யார் உடுத்தப்போகிறார் என்றே தெரியாதபோது எதற்காக விடுவது? ஒருவருக்கென்றே வெட்டும் கோட்டில் நாங்கள் விலாத் தையலில் ஒன்றரை அங்குலம், முதுகு நடுவில் ஓர் அங்குலம், பேண்ட்டின் சீட்டில் அதற்கும் சற்று மேல், கையடியிலும் கால் அடியிலும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு வெட்டுகிறோம். எல்லா இடத்திலும் விட்டுவிட முடியாது. கை பொருந்தும் முன்வளைவில் விட்டால் துணி திரண்டு அக்குளை அறுக்கும். எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்பதே பல வருஷப் பாடம்.

அப்படி உள்ளே விட்ட துணியால்தான் ட்ரயல் என்பதற்கே பொருள் வருகிறது. சாவில் ரோவில் முதல் ட்ரயலுக்குக் கோட்டை வெள்ளை நூலால் ஓட்டுத்தையலாகத்தான் பிடித்துக் கொண்டுவருவார்கள். ஆள் போட்டுப் பார்த்ததும், சாக்கால் குறித்து, அந்த இடத்திலேயே கையைப் பிய்த்தெடுப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர் பதறிப்போவார். பிறகு மொத்தக் கோட்டையும் பிரித்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, மறுபடி மேசையில் துண்டுதுண்டாக விரித்து, திருத்திய பேட்டர்னை வைத்து இரண்டாம் தடவை வெட்டுவார்கள். உள்ளே துணி இருந்தால்தான் இரண்டாம் வெட்டு சாத்தியம். ஒரு சூட்டுக்குக் குறைந்தது ஐம்பது மணி நேரக் கைவேலை என்று அங்குள்ள சங்கம் வரம்பு வைத்திருப்பது இதையெல்லாம் சேர்த்துத்தான்.

பெஸ்போக் என்று இந்த மாதிரித் தையலுக்கு ஒரு பெயர். இந்தத் துணி இன்னாருக்கு என்று பேசி வைக்கப்பட்டது என்பதிலிருந்து அது வந்ததாகத் தொழிலில் சொல்வார்கள். 2008-இல் இங்கிலாந்தின் விளம்பர ஒழுங்காணையம், அளவு எடுத்து மிஷினில் வெட்டித் தைத்த சூட்டையும் அந்தப் பெயரால் விளம்பரம் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. வாங்குகிறவர்கள் வேறுபாடு பார்ப்பதில்லை என்பது அதன் வாதம். எனக்கு அதில் சம்மதமில்லை. வேறுபாடு இருக்கிறது, உள்பக்கத்தைத் திருப்பி விலாத் தையலை விரலால் நிரடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இவ்வளவும் கோட்டுக்குத்தானே, நமக்கென்ன என்று தாய்மார்கள் யாரும் நினைக்க வேண்டாம். பட்டுச்சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் எண்பது சென்டிமீட்டர்தான். அதில் கரை ஓரத்தோடு ஓடுகிறது. கையடியில் கரை வர வேண்டும் என்றால், கையைத்தான் முதலில் வைக்க வேண்டும். அதுவும் மற்ற பாகங்களுக்குக் குறுக்காக. மிச்ச இடத்தில் முதுகு, முன்பாகம். முன்பாகத்தைக் கிராஸாக வைத்தால் மார்பில் அழகாகப் படிந்து உட்காரும், ஆனால் இடம் அதிகம் கேட்கும். “அக்கா, கை முழங்கை வரைக்கும் வேணும்னா முன்பக்கம் கிராஸ் வராது, எது வேணும் சொல்லுங்க” என்று உங்கள் தெருவில் தைக்கும் பெண் கேட்கிறாரே, அந்த ஒரு கேள்விக்குள் அல்செகாவின் புத்தகம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது தையல் கூலி மட்டும். வெட்டுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் தருவதில்லை. இதை மாற்ற வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சில வேண்டுகோள்கள் உண்டு. துணி எடுத்துவிட்டுத் தையற்காரரிடம் போகாதீர்கள். முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள். கால் மீட்டர் கூடக் கேட்டால் ஏனென்று கேளுங்கள், அவர் காட்டுவார். வளரும் பிள்ளைக்கானாலும் உங்களுக்கானாலும் உள்ளே துணி விட்டு வெட்டச் சொல்லுங்கள். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குத் துணி என்று போய் நிற்காதீர்கள்.

இந்த மூன்றரை மீட்டரை நாளைக் காலை பத்து மணிக்கு, வாசல் வெளிச்சம் மேசைமேல் விழும் நேரத்தில் வெட்டப்போகிறேன். பார்க்க விரும்புகிற பிள்ளைகள் கடைக்கு வரலாம்.